உலகநாதனுக்குப் போகாத எச்சரிக்கை

மீஞ்சூரிலிருந்து வந்த பஸ் என்னைப் பழவேற்காட்டில் இறக்கிவிட்டபோது மணி மூன்று. வெயிலில் ஏரி அசையாமல் கிடந்தது.

மீனவர் சங்கத்தின் பின்னறையில் ஒரு யுனிக்ஸ் சர்வர் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் அதை மின்னஞ்சலாக அனுப்பிப் போன்களில் மணி அடிக்க வைக்கும். அதை அமைத்தவன் நான். ஊரையே காப்பாற்றப் போகிறேன் என்று ரொம்பத்தான் அலட்டிக்கொண்டேன்.

எங்கள் ஏரியில் வலை போட முறை உண்டு, அதைப் பாடு என்போம். அன்றைக்கு யார் பாடோ அவர்களுக்கு மட்டும் அஞ்சல் போனால் போதும் என்று அமைத்திருந்தேன். வாய்வார்த்தையில் பாட்டை மாற்றிக்கொள்ளும் வழக்கம் எனக்குத் தெரியாததா? நானும் இந்த ஊர்ப் பிள்ளைதான். சோம்பல், வேறொன்றுமில்லை.

போன மாதம், தன் பாடு இருந்த நாளில், பிரகாஷ் என்ற மீனவன் ஒரு கல்யாணத்துக்குப் போனான். அவன் பாட்டை வாங்கிக்கொண்டு உலகநாதன் அண்ணன் தனியாக ஏரியில் இறங்கினார். புயல் எச்சரிக்கை பிரகாஷின் போனுக்குப் போனது. பந்திச் சத்தத்தில் அவனுக்கு மணி கேட்கவில்லை. அண்ணனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

நாளை விசாரணை. அதற்குள், யாருக்கு அஞ்சல் போனது என்று காட்டும் லாக் பதிவுகளை அழித்துவிடத்தான் வந்தேன்.

சங்கத்தைப் பெருக்கிப் பூட்டும் வேலை உலகநாதன் அண்ணனின் மனைவி மனோரமாவுக்கு. அண்ணிதான் கதவைத் திறந்தார்.

"இன்னா லோகேசு, அவரு போனுக்கு அந்த மணி போச்சா இல்லியா? நெசத்தச் சொல்லு."

"அனுப்பிச்சுது அண்ணி. ஏரி நடுவுல டவர் இல்ல."

பொய் சரளமாக வந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அனுப்பக் காத்திருக்கும் வரிசையில் ஓர் அஞ்சல் இருந்தது. பெறுநர் உலகநாதன். தேதி, அவர் போன அதே நாள். 'புயல். உடனே கரைக்குத் திரும்பவும்.'

அதை நான் உருவாக்கவில்லை.

அழித்தேன்.

மறுபடி வந்தது.

அறையில் ஏரிச் சேற்றின் வாடை. மறுபடி அழிக்கக் கையை வைத்தேன். விசைப்பலகை நனைந்திருந்தது. நக்கிப் பார்க்கத் தேவையில்லை, ஏரியின் உப்புத் தண்ணீர்தான்.

அழித்தேன். வந்தது.

என்னால் முடியவில்லை. "அண்ணி!" என்று கத்தினேன். ஓடி வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அவருக்குப் போவவே இல்ல அண்ணி. தப்பு என்னுது."

அவர் அழவில்லை. திரையில் கணவன் பெயரையே வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப அனுப்பு," என்றார் மெதுவாக.

அனுப்பினேன். 'சேர்ந்தது' என்றது லாக்.

ஏரிக்குள்ளிருந்து மணி அடித்தது. நான் தேர்ந்தெடுத்த அதே மணி.

பிறகு திரையில் ஒரு பதில்.

'இப்பதான் கெடச்சுது தம்பி. கரைக்கு வர்றேன்.'

நான் வாசலுக்குப் பாய்ந்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஓடற? இரு. எங்கிட்ட சொன்னத அவருகிட்டயும் சொல்லு."

கண்ணுக்கு எட்டியவரை ஏரியில் ஒரு படகும் இல்லை. கழி ஊன்றிப் படகு தள்ளும் சத்தம் மட்டும் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது.