பச்சைப் பொத்தான்

செங்குடியில் வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வு நாளன்று காலையில் கணவன் மனைவியின் முதுகைத் துடைத்துவிடுவது வழக்கம். செவ்வாய்க் கிரகத்தில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேலை தேடுகிறவர்கள் எல்லோரும் சட்டையின் முதுகில் முதுகுத்திரை பதித்திருந்தார்கள். செய்த வேலைகளெல்லாம் அதில் படங்களாக நிற்கும். கூடத்தில் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்க வேண்டியது. அதிகாரிகள் பின்னால் வந்து தொட்டுத் திறந்து பார்ப்பார்கள். வாயைத் திறந்து கேட்கும் பழக்கம் அந்த ஊருக்கு வரவே இல்லை.

பவளக்கொடியின் முதுகை இதுவரை யாரும் தொடவில்லை. இந்தத் தடவையும் வேலை கிடைக்காவிட்டால் பூமிக்குத் திரும்பும் கப்பலில் அவளை ஏற்றிவிடுவார்கள். கணவன் செம்பியனுக்கு இங்கே வேலை இருந்தது. அவனும் குழந்தை நித்திலாவும் இங்கேயே இருப்பார்கள். "அம்மா, அம்மா, நீ போயிடுவியா?" என்று நித்திலா ஓயாமல் கேட்டாள்.

கடைசியில் பவளக்கொடி பக்கத்து வீட்டு ரிஸ்வானிடம் போனாள். திரை அலங்காரம்தான் அவன் தொழில்.

"உங்க வேலையெல்லாம் பிரமாதம்க்கா. ஆனா எங்க தொடணும்னு யாருக்குத் தெரியும்?"

"கீழேயே எழுதியிருக்கேனே, திறக்கத் தொடவும்னு."

"அட போங்கக்கா! அதையெல்லாம் யாரு படிக்கிறா?"

அவள் முதுகுத்திரையின் நடுவில் ஒரு பச்சைப் பொத்தானை வைத்தான். அடியில் லேசாக நிழல், ஓரத்தில் மினுமினுப்பு. தொடுதூண்டி என்று அதற்குப் பெயர். பார்த்தவர் விரல் தானாக நீளும்.

தேர்வு நாளில் அவள் பின்னால் கூட்டமான கூட்டம். அழுத்தினால் பொத்தான் பொசுக்கென்று உள்ளே போய்த் துள்ளி எழுந்தது. தலைமை அதிகாரி தேவசகாயம் அழுத்தினார், சிரித்தார், மறுபடியும் அழுத்தினார். திறந்த படத்தை ஒருத்தராவது பார்க்க வேண்டுமே! காற்று கசிந்தால் இழுத்து அடைப்பதற்கு அவள் வடிவமைத்த இரும்புக் கைப்பிடிதான் முதல் படம். அதே கைப்பிடி கொஞ்சம் தள்ளிச் சுவரில், சாம்பல் நிறத்தில், சும்மா கிடந்தது.

திடீரென்று கூரையில் உஸ்ஸென்று சத்தம். எல்லோருக்கும் காது அடைத்தது. காற்றுக் கசிவு!

எதை அழுத்துவது? கூடத்தில் மினுங்கியது ஒன்றே ஒன்றுதான். அத்தனை விரல்களும் பவளக்கொடியின் முதுகில் பாய்ந்தன.

"ஐயோ, நானில்லைங்க! சுவர்ல பாருங்க, கைப்பிடி!"

"விடாதீங்க, நல்லா அழுத்துங்க!" என்று கத்தினார் தேவசகாயம்.

மூச்சு முட்டியது. அவ்வளவு பேரையும் முதுகோடு இழுத்தபடி சுவரோரமாக நகர்ந்து, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள். சத்தம் நின்றது.

"பாத்தீங்களா, பச்சை வேலை செஞ்சிடுச்சு!" என்றார் தேவசகாயம், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"நான்தாங்க இழுத்தேன்" என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

மறுநாளே வேலை கிடைத்தது. கூடத்தில் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், காற்று கசிந்தால் வந்து அழுத்துவார்கள். பதவி: அவசரப் பொத்தான். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கப்பலை நினைத்து அடக்கிக்கொண்டாள். நிற்கும் இடத்தை மட்டும் கைப்பிடிக்குப் பக்கத்தில் கேட்டு வாங்கினாள். போகிறவர் வருகிறவரெல்லாம் சும்மா ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார்கள்.

முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றக் குனிந்தாள். பின்னால் நித்திலா ஓடிவரும் சத்தம் கேட்டது. இனி எங்கேயும் போக மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அம்மா என்று கூப்பிடட்டும், திரும்பி அள்ளிக்கொள்ளலாம் என்று ஆசையாகக் காத்திருந்தாள்.

முதுகில் ஒரு சின்ன விரல் அழுத்தியது. பிறகு மறுபடியும் அழுத்தியது.