மிருகம் பார்த்ததா?

"வீல்ல்ல்!"

அலறல் கேட்டு அந்த போர்டு கேம் கிளப்பே உறைந்தது.

கிடங்கு அறையில் ஓல்கியெர்ட் குப்புறக் கிடந்தான். கிளப்பின் முதலாளி. பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் வெண்கலக் கோப்பை... போலந்தின் போஸ்னான் நகர சாம்பியனுக்குத் தருவது!

அலறியவள் அவன் மனைவி ஸுஸான்னா.

இன்ஸ்பெக்டர் ஹலினா வ்ரோனா ஒரு கான்ஸ்டபிளோடு வந்து சேர்ந்தாள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கோழி சூப் ஆறிக்கொண்டிருந்தது. அந்தக் கடுப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

கிடங்குக்கு இரண்டே வாசல். ஒன்று சமையலறைக்கு. அங்கே ஸுஸான்னா தனியாகக் கசகசா கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்று ஹாலுக்கு. அதற்கு எதிரேயே மூன்று பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். பள்ளி ஆசிரியர் பொகுமில், பல் டாக்டர் யாகோடா, ரயில்வே ஊழியன் ரெமிகியுஷ்.

"ஹால் வழியா யாரும் உள்ள போகலையா?"

"போகல மேடம்!" மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அப்படியானால் மிச்சம் ஸுஸான்னா. கைவிலங்கு அவளுக்குத்தான்!

"நான் இல்ல மேடம்... சத்தியமா நான் இல்ல!" விம்மினாள்.

ஹலினாவுக்கு மனசு ஒப்பவில்லை.

"கதவையே பாத்துட்டிருந்தீங்களா?"

"கதவை எதுக்குப் பாக்கணும்? மிருகத்தைல்ல பாத்துட்டிருந்தோம்!" என்றான் பொகுமில்.

"எந்த மிருகம்யா?"

மேஜையைக் காட்டினான். அட்டைக் கோட்டை. பிளாஸ்டிக் பொம்மைகள். ரெமிகியுஷின் நாற்காலிக்கு நேர் முன்னால் ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்றது ஒரு டேப்லெட். அதில் ஒரு கேள்வி கண் சிமிட்டியது.

மிருகத்தின் கண்ணில் வீரன் படுகிறானா? ஆம். இல்லை.

"இந்த ஆப்தான் மிருகத்தை ஆட்டி வைக்குது மேடம். ஆனா பொம்மை எங்க நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது. நாமதான் பாத்து அமுக்கணும். என் வீரன் தூணுக்குப் பின்னாடி நிக்கிறான். படவே மாட்டான்!" என்றான் பொகுமில்.

"காலு தெரியுதே!" யாகோடா சீறினாள்.

"காலு கணக்குல வராது!"

"யாரு சொன்னா? உங்கப்பாவா?"

"வாயை மூடுங்க!" ஹலினா கத்தினாள். "உள்ள ஒருத்தன் செத்துக் கிடக்கான்! தூணாம், காலாம்!"

"இதை முடிக்காம அடுத்த ஆட்டமே வராதே மேடம்..."

ஹலினாவுக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"சரி... எப்படிய்யா பாப்பீங்க?"

பொகுமிலும் யாகோடாவும் சட்டென்று குனிந்தார்கள். கன்னத்தை மேஜையில் ஒட்டவைத்தார்கள். ஒற்றைக் கண்ணை மூடி, பொம்மையின் உயரத்தில் இருந்து பார்த்தார்கள்.

ஹலினாவுக்குப் பொறி தட்டியது!

"இப்படியேவா இருந்தீங்க? எவ்வளவு நேரம்?"

"ரொம்ப நேரம் மேடம். இவ ஒத்துக்கவே இல்லையே!"

"இப்ப அந்தக் கதவு தெரியுதா?"

பொகுமில் கன்னத்தை எடுக்காமலே கண்ணை உருட்டிப் பார்த்தான்.

"...தெரியல மேடம்."

"அப்புறம் யாரும் போகலைன்னு எப்படிய்யா அடிச்சுச் சொன்னீங்க?"

இருவரும் கன்னத்தைத் தேய்த்தபடி நிமிர்ந்தார்கள்.

"குனிஞ்சு பாக்கலாம்னு ஆரம்பிச்சது யாரு?"

இருவரும் மெல்ல ரெமிகியுஷ் பக்கம் திரும்பினார்கள்.

"நானும்தான் குனிஞ்சேன்!" அவன் அவசரமாகச் சொன்னான். "இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே இல்ல. வீரனோட காலு பளிச்சுன்னு தெரிஞ்சது மேடம்!"

"மேஜையில எதையாவது நகர்த்தினீங்களா?"

"ஐயையோ!" யாகோடா பதறினாள். "ஆட்டம் முடியாம எவனாவது தொடுவானா? கையை உடைச்சுட மாட்டோம்!"

ஹலினா ரெமிகியுஷின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கன்னத்தை மேஜையில் வைத்தாள். ஒற்றைக் கண்ணை மூடினாள்.

வீரன் இல்லை. தூண் இல்லை. கோட்டையே இல்லை!

கண் முன்னால் டேப்லெட்டின் திரை மட்டும்.

"இதைத் தாண்டி எப்படிடா காலைப் பாத்த?"

ரெமிகியுஷின் முகம் வெளிறியது. கதவுப் பக்கம் பாய்ந்தான். கான்ஸ்டபிள் கொத்தாகப் பிடித்தான்.

"ஓல்கியெர்ட் என்னை இனிமே கிளப் பக்கமே வராதேன்னுட்டான் மேடம்!" ரெமிகியுஷ் கதறினான். "எல்லா ஆட்டத்துலயும் சண்டை இழுக்கறேனாம்! இதுங்க ரெண்டும் இழுக்காத சண்டையா?"

விலங்கு அவன் கைக்குப் போனது. ஸுஸான்னா முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

டேப்லெட் இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியைப் பார்க்கப் பார்க்க ஹலினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'ஆம்' என்பதை ஓங்கி ஒரு குத்து!

டேப்லெட் உறுமியது. மிருகம் வீரனை விழுங்கிவிட்டதாம்.

"மேடம்ம்ம்!" பொகுமில் அலறினான். "என் ஆளைக் கொன்னுட்டீங்களே!"

"ஸ்டேஷனுக்கு வந்து புகார் எழுதிக் குடு. ஆனா ஒண்ணு... சாட்சி சொல்றவன் காலை மட்டும் பாத்தேன்னா, நான் ஒத்துக்க மாட்டேன்!"