மஞ்சள் கேன்

"பெலேமா, பராக்குப் பாக்காத! கயித்த இழு!"

அம்மா வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். போனி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அன்று சரியான காற்று. அதனால்தான் நங்கூரம் போட்டு நின்ற எண்ணெய்க் கப்பலுக்கு முன்னால் படகை ஒதுக்கியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். நிற்கிற கப்பல் காற்றைத் தடுக்கும், அதன் நிழலில் மீனும் சேரும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'மதில்'.

பெலேமா மதிலைப் பார்த்தாள். காலையில் கப்பலின் முன்பக்கம் தொங்கிய கறுப்பு உருண்டையைக் காணோம். உருண்டை தொங்கினால்தான் கப்பல் நிற்கிறது என்று அர்த்தம். நங்கூரச் சங்கிலி வேறு கடகடவென்று மேலேறிக்கொண்டிருந்தது.

"அம்மா, மதில் கிளம்புது!"

"கிளம்பட்டுமே. நம்மளப் பாத்து ஒதுங்கிப் போவான்."

பெலேமா அண்ணாந்து பார்த்தாள். மாலுமிகள் நிற்கும் கண்ணாடி அறை தெரியவில்லை. இரும்புதான் தெரிந்தது.

"அவங்க கண்ணாடியே நமக்குத் தெரியலையேம்மா! அப்போ நாம அவங்களுக்கு எப்படித் தெரிவோம்?"

அம்மாவின் கை நின்றது. ஆனால் பாதி வலை இன்னும் தண்ணீரில் கிடந்தது. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அவள் பின்னிய வலை.

"இத அறுத்து விடவா சொல்ற?" அம்மாவின் குரல் உடைந்தது.

பெலேமாவுக்கும் அழுகை வந்தது. சட்டென்று படகில் இருந்த மஞ்சள் கேனைத் திறந்து கவிழ்த்தாள்.

"அடியே! குடிக்கிற தண்ணிடி!"

"மிதவைம்மா!"

மூடியை இறுக்கி, கேனை வலைக் கயிற்றில் கட்டி, தண்ணீரில் போட்டாள். அம்மா மீதி வலையையும் தள்ளிவிட்டு இஞ்சினை முடுக்கினாள். படகு பக்கவாட்டில் பாய்ந்து விலகியது. கப்பல் அவர்கள் இருந்த இடத்தை உரசுவது போலக் கடந்து போனது.

பின்னாலேயே பெரிய அலைகள் வந்தன. விலாவில் வாங்கினால் படகு கவிழ்ந்துவிடும். அம்மா படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பினாள். பெலேமா சட்டியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தாள்.

கடல் அடங்க வெகுநேரம் ஆனது. கேனைக் காணோம். இருவரும் நாலாபக்கமும் தேடினார்கள்.

"அதோ!" என்று கத்தினாள் பெலேமா.

தூரத்தில் மஞ்சள் கேன் ஆடி ஆடி மிதந்தது. வலையில் ஒரு ஓரம் கிழிந்திருந்தது. மற்றபடி மீனோடு அப்படியே இருந்தது.

"தொண்ட வறளுது. தண்ணி எங்கடி?" என்றாள் அம்மா.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் படகில் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றில் தண்ணீர். காலியாக இருந்த இன்னொன்றில் அம்மா கயிறு கட்டி வைத்திருந்தாள்.

"நான் வலையப் பாத்துக்கறேன். நீ நல்லா பராக்குப் பாரு," என்றாள்.