படகில் ஏறிய பூனை

தையல்கடைக்காரரின் மகளுக்குக் குண்டூசி என்று பட்டப்பெயர். ஆள் சின்னது, பேச்சு சுருக்கென்று குத்தும். அன்று அவளே வாடிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

கலங்கரை விளக்கத்தில் வாழும் பூனையின் தொடர் முந்தின நாளோடு முடிந்துவிட்டது. பூனை ஒரு படகில் தாவி ஏறியது; உடனே ‘முற்றும்’ போட்டுவிட்டார்கள். கடை டிவியில் அப்பாவும் மகளும் ஒரு நாள் விடாமல் பார்த்த தொடர். இப்போது அதே நேரத்தில் யாரோ சோப்பு விற்றார்கள்.

“அப்பா, இனிமே சாயங்காலம் என்னப்பா பண்றது?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்” என்ற அப்பா, அந்த யோசனையிலேயே கையிலிருந்த கோட்டையும் தைத்து முடித்தார்.

வணிகர் சங்கத் தலைவரின் செருமல் முதலில் நுழைந்தது. பின்னாலேயே தலைவர் வந்தார். மறுநாள் சங்கக் கூட்டத்துக்கு அவர் போட வேண்டிய கோட்டு அது.

“என்னய்யா, ரெண்டு பேரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கீங்க?”

“தொடர் முடிஞ்சிருச்சு, தலைவரே.”

“ஒரு பூனைக்கா இந்தத் துக்கம்? நானெல்லாம் டிவி பக்கமே திரும்புறதில்ல!”

குண்டூசி நிமிர்ந்தாள். அப்பா பூனை என்று சொல்லவே இல்லையே!

தலைவர் கோட்டை மாட்டி, மூக்குக்கண்ணாடியைக் கோட்டுப் பையில் போட்டார். அது நேராகத் தரையில் விழுந்தது. பையின் வாய் கீழே பார்த்திருந்தது. அப்பா தலைகீழாகத் தைத்துவிட்டார்.

“இதோட மேடை ஏறினா என் மானம் போயிடும்! இனி சங்கத்துல ஒருத்தன் உன்கிட்ட துணி குடுக்க மாட்டான்!”

அப்பாவின் முகம் செத்துப்போனது.

“பாவம் மாமா, அந்தப் பூனை கடைசியில கடல்ல விழுந்திருச்சு” என்றாள் குண்டூசி.

“யாரு சொன்னா? படகுல ஏறிருச்சு! என் கண்ணால பார்த்தேன்!”

தலைவரின் காது சிவந்தது.

“வீட்டுல... தனியாத்தான் பார்ப்பேன்” என்று முனகினார். “நேத்து தூக்கமே வரலம்மா.”

குண்டூசி சிரிக்கவில்லை. முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

“உக்காருங்க மாமா. நான் தையலைப் பிரிக்கிறேன், அப்பா மாத்தித் தைக்கட்டும். அதுவரைக்கும் படகு எங்க போச்சுன்னு சொல்லுங்க.”

“எனக்கெப்படித் தெரியும்?”

“எங்களுக்கும்தான் தெரியாது. நாமளே சொல்லிக்க வேண்டியதுதான்.”

தலைவர் செருமினார். “படகு... ஒரு தீவுக்குப் போச்சு.”

“அங்க ஒரு நாய் காத்திருந்துச்சு” என்றார் அப்பா. மிஷின் உற்சாகமாகக் கடகடத்தது.

மறுநாள் சாயங்காலம், தொடர் வரும் நேரத்துக்குச் சரியாகத் தலைவர் புதுக் கோட்டோடு வந்து நின்றார்.

“கூட்டம் அதுக்குள்ள முடிஞ்சிருச்சா, மாமா?”

“பேச்சை ரெண்டே வரியில முடிச்சிட்டேன். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க.” முக்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். “அது கிடக்கட்டும். அந்த நாய் என்ன சொல்லுச்சு?”