அம்மாவுக்குத் தெரியக் கூடாது

போன் அலறியது.

மோப்பம் போனை எடுத்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோசடிகளைத் துருவும் அதிகாரி அவன். 'மோப்பம்' ஆபீஸ் வைத்த பட்டப்பெயர்; பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே யாருக்கும் ஞாபகமில்லை.

"உங்க கம்பெனியை ஒரு குடும்பம் ஏமாத்துது..."

துணியால் மூடிய குரல்.

"வெளிநாடு போற ஒரு அம்மாவுக்கு டிராவல் பாலிசி எடுத்திருக்காங்க. நோயே இல்லைன்னு சொல்லி. அந்தம்மாவுக்கு வயித்துல கேன்சர். விலாசம் எழுதிக்குங்க."

"நீங்க யாரு?"

"விலாசம் எழுதிக்குங்கன்னேன்."

எழுதிக் கொண்டான். லைன் செத்தது.

மோப்பம் குஷியாகி விட்டான். தொலைந்த சூட்கேஸ்களை விசாரித்தே அவனுக்கு வாழ்க்கை வெறுத்திருந்தது. பைக்கை உதைத்தான்.

கதவைத் திறந்தது மகன். அடையாள அட்டையைப் பார்த்ததும் முகம் வெளுத்து, அவனை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினான்.

"மெதுவாப் பேசுங்க சார்... அம்மா சமையலறையில இருக்காங்க."

"கேன்சரை மறைச்சீங்களா, இல்லையா?"

"அம்மாகிட்ட மறைச்சேன் சார். வயித்துப் புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கேன். பாலிசியில உண்மையை எழுதினா, கையெழுத்துப் போடறப்போ படிச்சுடுவாங்களே..."

"அதனால எங்களையும் சேர்த்து ஏமாத்திட்டீங்க."

"தங்கச்சிக்கு அங்க பிரசவம். அம்மா போயே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. டாக்டரும் போகலாம்னுட்டார்."

மோப்பம் குரலை இறக்கினான்.

"மறைச்சு எடுத்த பாலிசி செல்லாது சார். அங்க அவங்க ஆஸ்பத்திரியில படுத்தா நாங்க சல்லிக்காசு தர மாட்டோம். வீட்டை வித்தாலும் உங்களால கட்ட முடியாது."

"வேற வழி?"

"உண்மையைச் சொல்லுங்க. ப்ரீமியம் எகிறும். ஆனா டாக்டர் கடிதம் இருந்தா, கேன்சருக்கும் சேர்த்தே பாலிசி தர்றோம். அம்மா கையெழுத்துப் போடணும்."

"அப்போ பயணமே வேண்டாம் சார்."

மகனுக்குக் குரல் உடைந்தது.

"காட்டிக் கொடுத்தது யாரு? விஷயம் தெரிஞ்சது எனக்கு, என் மனைவிக்கு, டாக்டருக்கு. அவ்வளவுதான்."

முகம் கழுவப் போனான். குழாய்ச் சத்தம் கேட்டது.

அடுத்த விநாடி... அறைக் கதவு திறந்தது.

அம்மா!

"போன் பண்ணினது நான்தான் தம்பி. வாயில டவலை வெச்சுக்கிட்டேன். சரியாக் கேட்டுச்சா?"

மோப்பம் எழுந்தே விட்டான்.

"உங்களுக்கு... தெரியுமா?"

"புண்ணுக்கு யாராவது கீமோ குடுப்பாங்களா? முடி கொட்டினா மாத்திரைச் சூடுங்கறான். நானும் 'அப்படியாப்பா'ன்னு கேட்டுக்கறேன்."

"அவர்கிட்ட சொல்லிடலாமேம்மா..."

அம்மாவின் சிரிப்பு நின்றது.

"எனக்குத் தெரியாதுங்கற தைரியத்துலதான் அவன் என் முன்னாடி சிரிக்கறான். தெரியும்னா இடிஞ்சு போயிடுவான். அவன் அழறதை என்னால பார்க்க முடியாது தம்பி. ஆனா பேரக்குழந்தையைப் பார்த்தே ஆகணும். அதுக்காக அவனைக் கடன்லயும் தள்ள மாட்டேன்."

மோப்பம் பையிலிருந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்தான். எத்தனையோ மோசடிக்காரர்களைப் பார்த்தவன். தன் மேலேயே புகார் கொடுத்தவரை இப்போதுதான் பார்க்கிறான்.

"கையெழுத்துக்கு என்ன பண்றது?"

"அத்தையோட கண்ணாடியை ஒளிச்சு வெச்சுட்டேன் சார்" என்றபடி மருமகள் எட்டிப் பார்த்தாள். "படிக்காமலே போட்டுடுவாங்க."

"அம்மாவுக்குத் தெரியும்கறது உங்களுக்குமா தெரியும்?"

"போன்ல நம்பர் போட்டுக் கொடுத்ததே நான்தான்."

குழாய் நின்றது.

மகன் உள்ளே வந்தபோது அம்மா சுவரைத் தடவிக் கொண்டிருந்தாள். கொஞ்சம் ஓவர்தான்.

"என் கண்ணாடியைப் பார்த்தியாப்பா? ஒரு மண்ணும் தெரியலை."

மகனின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. மோப்பம் நீட்டிய புதுப் படிவத்தைப் பிடுங்கினான்.

"அதை அப்புறம் தேடலாம்மா. இதுல ஒரு கையெழுத்துப் போடு. சும்மா... டிக்கெட் சமாச்சாரம்."

"எங்கப்பா? இங்கயா?"

போட்டாள். மருமகள் இருமுவது போல வாயைப் பொத்திக் கொண்டாள்.

மகன் வாசல் வரை வந்து மோப்பத்தின் காதைக் கடித்தான்.

"பார்த்தீங்களா சார்... ஒண்ணுமே தெரியாம கையெழுத்துப் போட்டுட்டாங்க. பாவம்."

மோப்பம் ஹெல்மெட்டை மாட்டிக் கொண்டான்.

"ஆமா சார்... இந்த வீட்ல ஒருத்தருக்கு ஒண்ணுமே தெரியலை. பாவம்தான்."