எக்ஸ் அமுக்கிப் போனவள்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பிருங்கி, ஜின்ஜா ஊர் மீன் ஆலைக்குள் நுழைந்தபோது வெயில் கொளுத்தியது. வாசலில் நின்ற லாரிகளிலிருந்து பழுப்பு நீர் சொட்டியது. அந்த நாற்றம் மூக்கோடு நிற்காமல் நாக்கில் வந்து உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் படித்தால் கையில் அழுக்குப்படாது என்று அம்மாவை நம்பவைத்தவன் அவன்.

எடை போடும் செயலி சர்வரில் ஓடுவது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் நுழைய வேண்டும், ஒரே சமயத்தில் சிலருக்குத்தான் இடம். இன்று புது எழுத்தர் நுழைய இடமில்லை. மாலைக்குள் சரியாகாவிட்டால் அழுகிய மீனோடு அவனையும் ஏரியில் கொட்டப்போவதாக மேலாளர் டெண்டோ போனிலேயே சொல்லியிருந்தாள்.

"இடத்தை யாரு பிடிச்சு வச்சிருக்கா, நியாபோ?" அம்மணி என்பதற்கான அந்த ஊர்ச் சொல்லோடு டெண்டோவைக் கேட்டான்.

"நப்விரே."

"எழுந்திரிக்கச் சொல்லுங்க."

"போன வாரம்தான் புதைச்சோம், செபோ," என்றாள். செபோ என்றால் ஐயா.

நப்விரே பழைய எழுத்தர். வறுத்த வெட்டுக்கிளியைக் கொறித்தபடியே தட்டச்சுவாள். எழுந்து போகும்போது "இதோ வர்றேன்" என்று திரை மூலையிலுள்ள எக்ஸை அமுக்குவாள். அதில் ஜன்னல்தான் மூடும். ஆள் சர்வருக்குள்ளேயே இருப்பார். முறையாக 'வெளியேறு' கொடுக்க அவளுக்கு மனம் வராது, அபசகுனமாம். ஆலை முழுக்க இதே பழக்கம். வெளியேறச் சொல்லி வகுப்பெடுத்த பிருங்கிக்கும்தான்.

நப்விரேயின் மேஜையில் உட்கார்ந்து, நிர்வாகியாகத் தன் பெயரில் நுழைந்து, அவள் திரையைத் திறந்து பார்த்தான். எடைக் கட்டத்தில் கர்சர் துடித்தது.

பிறகு நகர்ந்தது.

எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒவ்வொன்றுக்கும், பக்கத்தில் எங்கோ மெல்லும் சத்தம்.

மவுஸ் வழுக்கியது. சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை. விசைகளின் இடுக்கில் வெட்டுக்கிளிக் கால்களும் சிறகுகளும், மென்று துப்பிய ஈரத்தோடு. ஒன்று அவன் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

"இந்தக் கீபோர்டை யாரும் துடைக்கிறதே இல்லையா?"

"இன்னைக்குக் காலையிலதான் புதுசாப் பெட்டியிலேர்ந்து எடுத்தோம்."

திரையில் வாசகம் முடிந்திருந்தது: இதோ வர்றேன்.

"போதும்க்கா," என்று முணுமுணுத்தான். "மத்தவங்க பாத்துக்குவாங்க. நீங்க போங்க." அவளை வெளியேற்றும் பொத்தானை அமுக்கினான். நப்விரேயின் பெயர் மறைந்தது.

தன் ஜன்னலையும் மூடிவிட்டுக் குழாயடிக்கு ஓடினான். சோப்பே தேயும்வரை கை கழுவினான்.

திரும்பியபோது டெண்டோ வாசலிலேயே நின்றாள்.

"மறுபடியும் இடமில்ல, செபோ. இப்ப உங்க பேரு நிக்குது. என்னமோ டைப் அடிச்சிட்டிருக்கீங்க."

"நான் வெளிய வந்துட்டேனே."

"வெளியேறினீங்களா, எக்ஸ் அமுக்கினீங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்தான்.

பல்லுக்கிடையில் ஏதோ மொறுக்கென்று நொறுங்கியது.