தூசு படியாத இரண்டு விசைகள்

விசைப்பலகையில் இரண்டு விசைகளில் மட்டும் தூசு இல்லை.

துடைக்க எடுத்த துணி கையிலேயே நிற்க, சிபானா குனிந்து பார்த்தாள். கணவர் ஹமீட் மௌத்தாகி அடக்கம் முடிந்த அன்று இந்த முன்னறையைப் பூட்டியவள், துக்கம் காத்து இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும், அதற்குப் பிறகு போன மூன்று கிழமையும் உள்ளே கால் வைக்கவில்லை. திறப்பு அவளுடைய தலையணைக்குக் கீழேதான் கிடந்தது. சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியின் மணல்தூசு யன்னல் இடுக்கால் வந்து மேசை, நாற்காலி, அவர் பாதி குடித்து வைத்த தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றிலும் மா அரித்ததுபோலப் படிந்திருந்தது. விசைப்பலகையிலும் அப்படித்தான். அந்த இரண்டு மட்டும் கழுவித் துடைத்தாற்போல் கறுப்பாய் மினுங்கின.

பல்லியாயிருக்கும் என்று நினைத்தாள். இத்தனை விசை கிடக்க இரண்டிலே மட்டும் நடக்கிற பல்லி எங்கே இருக்கிறது என்றும் நினைத்தாள்.

கம்ப்யூட்டரைத் துடைத்து வைக்கத்தான் அவள் அறையைத் திறந்தது. பின்னேர அசர் தொழுதுவிட்டு றிப்தி வருவான். கல்முனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன், ஹமீட்டைக் கூடப்பிறந்த அண்ணனைப்போலக் காக்கா காக்கா என்று சுற்றித் திரிந்தவன். இந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றாக ஒரு லெப்டொப் தருகிறேன் என்று முந்தாநாள் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். பாவித்துப் பாருங்கள், பிடித்தால் மாற்றிக்கொள்வோம் என்றான். கல்முனையில் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் வேலையும் அவன்தான் சொல்லிவைத்திருந்தான். சொந்த லெப்டொப்போடு திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். வேலை பெரிதில்லை அவளுக்கு. காலையில் புறப்பட்டுப் போக ஓர் இடம், நாலு பேரின் சத்தம், மத்தியானம் ஆரோ ஒருத்தி கறி மாற்றிக்கொள்ளக் கேட்பது, அதுதான் வேண்டியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. இத்தா முடியும் வரை வந்து போன சொந்தங்கள் அதன் பிறகு வாசல் பக்கம் வரவில்லை. சில நாட்களில் இரவுச் சோற்றுக்கு உட்காரும்போதுதான், விடிந்ததிலிருந்து தான் வாயே திறக்கவில்லை என்பது அவளுக்கு நினைவு வரும்.

நேற்றே மனதைத் திடப்படுத்தியிருந்தாள். கொடுத்துவிடலாம்.

இப்போது அந்த இரண்டு விசைகள்.

ஒன்றில் t என்றும் மற்றதில் h என்றும் அச்சடித்திருந்தது. இங்கிலீசு பார்ப்பவனுக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஹமீட் கலியாணக் கார்ட்டும் மனுவும் ஜனாசா அறிவித்தலும் தட்டியது பாமினி என்ற தமிழ் எழுத்துருவில். அவளுக்கும் அதைத்தான் பழக்கினார். பாமினியில் t தட்டினால் வ. h தட்டினால் அதற்குக் கால்.

வா.

தனக்கு வந்தது பயமா சந்தோசமா என்று அவளுக்கே விளங்கவில்லை. வேலை முடிகிற நேரத்தில் ஹமீட் செய்கிற சேட்டை அது. திரை முழுக்கப் பெரிய எழுத்தில் ‘வாங்க’ என்று அடித்துவிட்டு, நாற்காலியை மெல்லத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் தேத்தண்ணியோடு வந்து அதை வாசித்துச் சிரிக்க வேண்டும். ஒன்பது வயது மூத்த மனிதர் பதினேழு வருசமும் பெண்சாதியை ‘நீங்க’ என்றே கதைத்தார். “மனிசியா, மேலதிகாரியா?” என்று கூட்டாளிமார் பகிடி பண்ணினால் அதற்கும் சிரிப்பார்.

“ஸலாம் ராத்தா! என்ன, சாமான ஏத்தட்டா?”

வாசலில் றிப்தியின் ஆட்டோ நின்றது. சிபானா அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

“இல்ல தம்பி. நான் மாத்தல்ல.”

“ஏன், லெப்டொப்புல ஏதும் பிழையா?”

“ஒரு பிழையுமில்ல. இவர்ர சாமான் ஊட்டுலயே இரிக்கட்டும்.”

“திங்கக்கெழம வேலைக்கி என்ன செய்யப்போறீங்க? இதத் தூக்கிட்டுப் போக ஏலாதே.”

“போகல்ல.”

அவன் அவளுடைய தோளுக்கு மேலாகச் சாத்திய கதவைப் பார்த்தான்.

“உள்ளுக்கு ஆரு ராத்தா?”

“ஆருமில்ல. ஏன்?”

“டைப் பண்ற சத்தம் கேட்டமாதிரி இரிந்திச்சி.”

அவனுக்குக் கேட்டிருக்கிறது. அவளுடைய நெஞ்சு நிறைந்துவிட்டது. பைத்தியம் பிடிக்கவில்லை தனக்கு. அவர்தான், அவரேதான். லெப்டொப்பை வயரோடு சுருட்டி அவனுடைய கையில் திணித்தாள்.

“ஒரு நாளைக்கி வெச்சி யோசிங்களன்,” என்றான் றிப்தி. அவனுக்கு மனமில்லை.

“யோசிச்சிட்டன். மழ வாற மாதிரி இரிக்கி, நீங்க கெதியாப் போங்க.”

ஆட்டோ திரும்பி, பள்ளித் தெருவால் போய், கல்முனை வீதியின் இரைச்சலில் கலந்தது. அவள் கேட்கிற தூரம் வரை கேட்டாள். அதற்குப் பிறகு கடல் மட்டும்தான்.

மார்கழி மாரி. மஃரிப் பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரமிருந்தும் வானம் கறுத்துக் கிடந்தது. கதவைத் தாழிட்டுவிட்டு அவள் திரும்ப, மின்விசிறி ஒருதரம் முனகி நின்றது. கரண்ட் போய்விட்டது. வழமைதான். குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும் அடங்க, வீட்டுக்குள்ளே எத்தனை சத்தங்கள் இவ்வளவு நாளும் ஒளிந்திருந்தன என்று தெரிந்தது. ஓட்டில் விழும் முதல் தூறல், குசினிக் குழாயின் சொட்டு, அவளுடைய சொந்த மூச்சு, அதற்கெல்லாம் அடியில், சாத்திய கதவுக்குப் பின்னால், ஒரே நிதானத்தில் ஒரு சத்தம்.

டக். டக்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

டக். டக்.

அவள் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவைத் திறந்தாள். திரைக்கு அன்று போர்த்தின அவளுடைய பழைய முந்தானை உள்ளிருந்து வெளிச்சமாயிருந்தது. சாம்பல் வெளிச்சம். வயரும் பிளக்கும் ஐந்து மாதமாகச் சுருட்டி வைத்தபடியே மேசையில் கிடந்தன. அதைக் கண்டாள். கண்டும் நிற்கவில்லை. ஐந்து மாதம் ஒருவரும் கூப்பிடாத மனிசிக்குக் கூப்பிட்டால் போதும். துணியை இழுத்து எடுத்து, அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

திரை முழுக்க ஒரே சொல். மேலிருந்து கீழ்வரை, வரிக்கு வரி.

வா வா வா வா வா

“வந்துட்டன்,” என்றாள். “இஞ்சதான் இரிக்கன். கண்டீங்களா? வந்துட்டன்.”

தட்டல் நின்றது.

கேட்டுவிட்டார் என்று அழுதாள். வாய்விட்டு அழுதாள், மையத்து எடுத்த அன்று அழாத அழுகை. மூக்கை உறிஞ்சியபோதுதான் மணம் பட்டது. ஹமீட் அத்தரும் மூட்டுத் தைலமும் மணக்கிற மனிதர். இது வேறு. நாள்பட்ட உப்புத்தண்ணீர். அடியில் எதுவோ கிடந்து ஊறின மணம். அவளுடைய பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

அழுகை நின்றது.

அவள் திரையைப் பார்த்தாள். வா. பதினேழு வருசம். கோபத்தில்கூட, காய்ச்சலில் பிதற்றும்போதுகூட, ஒருநாளும் அவர் அவளை ‘வா’ என்றதில்லை.

மெல்ல விசைப்பலகைக்குக் கண்ணை இறக்கினாள். வாங்க என்று அடிக்க அந்த இரண்டும் போதாது. ங-வுக்கு q வேண்டும். அதற்கு மேலே வைக்கிற குற்றுக்கு ஒன்று. க-வுக்கு f. மூன்றையும் தேடிப் பார்த்தாள். மூன்றின் மேலும் தூசு. தடிப்பாக. ஐந்து மாதத் தூசு.

கடற்கரைப் பக்கத்துப் பள்ளியில் பாங்கு தொடங்க வேண்டிய நேரம். கரண்ட் இல்லை. பாங்கு கேட்கவில்லை. றிப்தி இப்போது கடைக்கே போய்ச் சேர்ந்திருப்பான். கதவு தாழிட்டிருந்தது. அவள்தான் தாழிட்டாள்.

எழும்ப வேண்டும். கால் வரவில்லை. பயத்தில் வாய்தான் முந்தியது.

“நீ அவரில்ல,” என்றாள். “அவரு இப்பிடிக் கூப்பிடுறல்ல. வாங்க எண்டுதான் சொல்லுவாரு.”

சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று விளங்கியது.

நீண்ட அமைதி. ஆரோ காது கொடுத்துக் கேட்டு, மனதில் எழுதிக்கொள்கிற அமைதி.

t இறங்கியது. h இறங்கியது.

பிறகு, புதிதாகப் படிக்கிற பிள்ளை எழுத்துத் தேடுவதுபோல, இடைவெளி விட்டு, q.

குற்று.

f.

ஒவ்வொன்றின் தூசிலும் ஒரு தடம் விழுந்தது. ஈர்க்குச்சி அகலம்தான். நீளமாக, ஈரமாக. விரலில்லை.

திரையில் இருந்ததெல்லாம் அழிந்து, நடுவில் ஒரே ஒரு சொல் நின்றது. பெரிய எழுத்தில், அவர் அடிப்பதுபோலவே.

வாங்க

சிபானா உட்கார்ந்திருந்த நாற்காலி மெல்லத் திரும்பத் தொடங்கியது.